வேண்டாம் என்ற இருபத்துநான்கு

மே 16, வியாழன்

இன்றும் என்னோடு படிக்கும் பெஹ்ரங்கோடு காப்பிக் கடையில் அடிதடி. நான்தான் காசு கொடுப்பேன் என்று அவன் என் கையைத் தட்டிவிட, போன வாரம் நீதானே கொடுத்தாய் என்று நான் அவன் சட்டையைப் பிடித்து இழுக்க, கல்லாவில் இருந்த பெண்மணி சில்லறைத் தட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"காலங்காத்தால என்ன சண்டை? வெளிய போய்ப் போடுங்க!"

"சண்டை இல்லீங்க, மரியாதை" என்றான் பெஹ்ரங், மூச்சு வாங்க.

பின்னால் நின்ற தபால்காரர் பொறுமை இழந்து எங்கள் இரண்டு காப்பிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார். இரண்டு ஈரானியர் மல்லுக்கட்ட, ஒரு இத்தாலியர் தண்டம் அழுதார். மானம் போயிற்று. பெஹ்ரங் விட்டுக்கொடுத்திருக்கலாம். அவன் ஷிராஸ்காரன், விடமாட்டான். நான் ரஷ்த்காரி, நான் மட்டும் விடுவேனா?

நீரியல் தேர்வு நெருங்குகிறது. இது ஒன்றுதான் பாக்கி. ஆகஸ்ட் பத்துக்குள் இதில் தேறாவிட்டால் உதவித்தொகை நிற்கும். அதோடு இந்த விடுதி அறையும் போகும். அப்புறம் இத்தாலியில், இந்தப் பதுவையில் எனக்கு என்ன வேலை? மூட்டை கட்ட வேண்டியதுதான். படிப்பை விட்டு ஒருமுறை ஊர் திரும்பினால் மறுபடி விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. பயத்தை எழுதி வைத்தால் குறையும் என்று யாரோ சொன்னார்கள். குறையக் காணோம்.

மே 22, புதன்

என் அறைத்தோழி அசுந்தாவுக்கு ஊரிலிருந்து பெட்டி வந்திருக்கிறது. இத்தாலியின் தெற்கத்திப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி வரும். அம்மாக்கள் பாதிச் சமையலறையைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய், காய்ந்த தக்காளி, பாலாடைக்கட்டி. கத்தரிக்காயை ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். சொர்க்கம். "இன்னொன்னு தரவா?" என்றாள். "ஐயோ, போதும் போதும்" என்றேன். சரி என்று ஜாடியை மூடி உள்ளே வைத்துவிட்டாள்!

படுபாவி. இன்னொரு தடவை கேட்டால் என்ன குறைந்தா போவாள்?

ஜூன் 5, புதன்

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். இனி வாய்மொழித் தேர்வு, செவ்வாய்க்கிழமை, பேராசிரியர் ஸோர்ஸான் முன்னால். எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்பார். அடுத்து வரப்போகிறவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பேர் இருக்கமாட்டார்கள்.

அம்மாவிடம் பேசினேன். வீடியோ பாதியில் உறைந்துவிட்டது; அவள் கொட்டாவி விடும் முகத்தோடு அப்படியே நிற்க, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "லீவுக்கு வரட்டுமாம்மா?" என்று கேட்டேன். "வேண்டாம்டி என் ஈரக்கொலையே, எதுக்கு அலைச்சல்? இங்க ஒரே புழுக்கம். நாங்க நல்லா இருக்கோம். நீ படி." சரி, வேண்டாமென்றால் வேண்டாம். எனக்கும் படிக்க இருக்கிறதே.

ஜூன் 11, செவ்வாய்

என்னைச் செருப்பால அடிக்கணும். என் வாயை ஊசிநூல் போட்டுத் தைக்கணும்.

அழுதது போதும், ஒழுங்காக எழுதுகிறேன்.

நன்றாகத்தான் பதில் சொன்னேன். மதகைத் திறந்துவிட்டால் கீழே தண்ணீர் ஏன் துள்ளுகிறது, எந்த இடத்தில் துள்ளும் என்று கேட்டார். எங்கள் ஊருக்கு மேலே அணைக்கட்டில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த துள்ளல். கரும்பலகையில் படம் போட்டேன், கணக்கும் போட்டேன். ஒரு இடத்தில் சறுக்கினேன். அவரே கையைக் காட்டினார், திருத்திக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"இருபத்திநாலு தரலாம்னு நினைக்கிறேன். சம்மதமா?"

முப்பதுக்கு இருபத்துநான்கு. பதினெட்டு எடுத்தாலே தேர்ச்சி. எனக்கு அங்கேயே எழுந்து ஆட வேண்டும் போல் இருந்தது. ஆனால் இந்த வாய் இருக்கிறதே! கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, தலை தானாகக் குனிந்தது. "ஐயையோ வேண்டாம் ஸார், அதுக்கெல்லாம் நான் தகுதியானவளே இல்ல."

"அப்படியா? சரி, உங்க விருப்பம்" என்று கணினியில் ஏதோ தட்டினார். "ஜூலைல பார்ப்போம். அடுத்தவர்!"

நான் சிரித்த முகத்தோடு உட்கார்ந்தே இருந்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்பார் என்று! "எழுந்திருங்கம்மா, அடுத்தவங்க நிக்கிறாங்க" என்று உதவியாளர் வந்து சொன்னபோதுதான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தது.

கொடுக்கிற மதிப்பெண் பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த தேர்வுக்கு மறுபடி வரலாம். இங்கே அப்படி ஒரு வழக்கம். எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் இதுவரை எனக்கு எல்லாமே எழுத்துத் தேர்வு, மதிப்பெண் கணினியில் வந்தது. கணினியிடம் யார் மரியாதை காட்டிக்கொண்டிருப்பார்கள்? ஒரு மனிதர் முகத்துக்கு நேரே நீட்டியது இதுவே முதல் தடவை.

அந்த நேரமே அவரிடம் சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை. வராண்டாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 12, புதன்

அசுந்தாவிடம் சொன்னேன். அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்; பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"இருபத்திநாலை வேண்டாம்னு சொன்னியா? ஸோர்ஸான் குடுத்ததை? பைத்தியமாடி நீ?"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"யாருக்கு மரியாதை?"

எங்கள் ஊரில் இதைத் தாரோஃப் என்போம் என்று விளக்கினேன். எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பது. கொடுக்கிறவர் விடக்கூடாது, வற்புறுத்த வேண்டும். டாக்சிக்காரர்கூடக் கூலி எவ்வளவு என்று கேட்டால் உங்களுக்கு எதுக்குங்க, இருக்கட்டும் என்பார். அதற்காக இறங்கிப் போய்விட முடியுமா? கல்யாணத்தில் மணமகளிடம் சம்மதமா என்று கேட்டால், மூன்றாம் தடவைதான் அவள் வாயைத் திறப்பாள்.

"மூணு தடவை கேக்குறதுக்கு ஸோர்ஸான் என்ன உன்னைக் கட்டிக்கப் போறாரா?" என்று கத்தினாள் அசுந்தா. பற்பசை நுரை என் தலையணையில் தெறித்தது. கோபத்தில் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அப்புறம் திடீரென்று நின்றாள். "அப்போ அன்னைக்குக் கத்தரிக்காய் வேண்டாம்னது?"

என் கண் அலமாரிப் பக்கம் போயிற்று.

"அடிப்பாவி!" என்று ஜாடியோடு கொண்டுவந்து மடியில் வைத்தாள். அழுதுகொண்டே முழுவதையும் தின்றேன். வயிறு நிறைந்தது, வேறு என்ன ஆயிற்று? ஆகஸ்டுக்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வு, ஜூலை ஒன்பது. அதற்கடுத்தது செப்டம்பரில். அதற்குள் நான் ரஷ்த்தில் இருப்பேன்.

ஜூன் 13, வியாழன்

இன்று அந்தோணியார் திருநாள். ஊரே அடைப்பு. அசுந்தா காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு போனாள். "தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் அவர்தான். உன் இருபத்திநாலைக் கேளு."

"நான் முஸ்லிம்டி."

"அவர் சர்டிபிகேட்டா கேக்கிறார்? வா."

அவர் கல்லறைக்கு வரிசை கோயில் வாசல்வரை. ஒவ்வொருவராகப் பளிங்கில் கையை வைத்து, கண்ணை மூடி, கேட்டுவிட்டு நகர்கிறார்கள். என் முறை வரும்போது பின்னால் தடி ஊன்றிய ஒரு பெண்மணி. நீங்க முன்னால போங்க என்றேன். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி, அவளையும் போகச் சொன்னேன். மூன்றாவதாக ஒரு ஆளுக்கு வழிவிடப் போனபோது அசுந்தா என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

கையை வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. கேட்க வேண்டியதுதானே? மனசுக்குள் என்ன வந்தது தெரியுமா? "உங்களுக்கு எதுக்குச் சிரமம், எவ்வளவு பேர் நிக்கிறாங்க, அப்புறமா நேரம் இருந்தா..." புனிதரிடமும் தாரோஃப்! நான் உருப்படமாட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

செவ்வாய் மாலை பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்கும் நேரம். நேரே போய் உண்மையைச் சொல் என்றாள் அசுந்தா. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்: ஸார், நான் வேண்டாம் என்றது மரியாதைக்கு, எனக்கு அந்த மதிப்பெண் வேண்டும். இவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"உக்காருங்க" என்றார். "பரவாயில்ல ஸார்" என்று நின்றேன். மறுபடி சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல ஸார். நீங்க வேலையா இருக்கீங்க போல."

"ஆமா, கொஞ்சம் வேலைதான்."

"அப்போ நான் தொந்தரவு பண்ணல ஸார்."

"நல்லது" என்றார். பிறகு ஏதோ நினைத்தவர்போல நிமிர்ந்து, "அன்னைக்கு நீங்க நல்லாத்தான் பண்ணினீங்க. இன்னும் மேல எடுக்கணும்னு நினைக்கிறது நல்ல விஷயம். இந்தக் காலத்துல எல்லாரும் கிடைச்சதைப் பிடுங்கிட்டு ஓடுறாங்க" என்றார். மெச்சுகிறார்! மெச்சியவர் முகத்தைப் பார்த்து, இல்லை ஸார், நானும் பிடுங்கிக்கொண்டு ஓடத்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அசுந்தா இரவுச் சாப்பாடுவரை என்னோடு பேசவில்லை.

ஜூன் 24, திங்கள்

நான் பிரபலமாகிவிட்டேன். விடுதிச் சமையலறையில் முகம் தெரியாத ஒரு பையன், "ஸோர்ஸான் குடுத்த இருபத்திஎட்டை வேண்டாம்னு தூக்கிப் போட்டது நீங்கதானே?" என்றான். வதந்தியிலாவது மதிப்பெண் கூடுகிறதே. பெஹ்ரங்குக்கு விஷயம் தெரியும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு. பிறகு சட்டென்று நிறுத்தினான். "நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், நூஷின்" என்றான். அதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதல்.

ஜூலை 2, செவ்வாய்

வெயில், வியர்வை, கொசு. இந்த ஊர்க் கொசுவுக்கு நாகரிகமே கிடையாது, அழைக்காமலே வந்து சாப்பிடுகிறது. புத்தகமும் நானும் மின்விசிறியும். படித்தது தலையில் நிற்பதில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் மனசு விமான நிலையத்துக்குப் போய்விடுகிறது: பெட்டியோடு இறங்குகிறேன், அப்பா ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். அந்த "ஒன்றும் கேட்காமல்"தான் தாங்கவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. தேர்வு எப்படி என்றாள். நடக்குது என்றேன். "உடம்பைப் பாத்துக்கோ. எங்களைப் பத்தி நினைக்காதே, நாங்க நல்லா இருக்கோம்." எப்போது கேட்டாலும் இதே பல்லவி.

ஜூலை 8, திங்கள்

நாளைக்கு. அசுந்தா என்னை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் ஸோர்ஸான் மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு, "சம்மதமா?" என்று இருபது தடவை கேட்டாள். "சம்மதம்" என்று இருபது தடவை சொன்னேன். கடைசியில் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்வியே இடி. "குழாயில் தண்ணீர் வேகமா ஓடுது. சட்டுனு வால்வை மூடினா என்ன ஆகும்?" தெரிந்ததுதான்: அழுத்தம் அலையாகத் திரும்பி வந்து குழாயை அடிக்கும். ஆனால் என் தலைக்குள்ளேயே யாரோ வால்வை மூடிவிட்டார்கள். சூத்திரத்தைத் தலைகீழாக எழுதினேன். அழித்தேன். மறுபடி தலைகீழாகவே எழுதினேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அசுந்தாவும் அங்கே உட்கார்ந்திருந்தாள், நகத்தைக் கடித்துக்கொண்டு. இரண்டாவது கேள்விக்குச் சமாளித்தேன். மூன்றாவதற்குப் பாதி.

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

"இன்னைக்கு உங்க நாள் இல்ல. பத்தொன்பதுக்கு மேல குடுக்க முடியாது." நான் "சம்மதம்" என்று வாயைத் திறப்பதற்குள் அவரே கையை ஆட்டினார். "தெரியும், தெரியும். இருபத்திநாலையே வேண்டாம்னவங்க நீங்க. பத்தொன்பதை எடுத்துக்கச் சொல்லி உங்களை அவமானப்படுத்த மாட்டேன். செப்டம்பர்ல வாங்க, நல்லாப் பண்ணுவீங்க. அடுத்தவர்!"

கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட! என்னைப் புரிந்துகொண்ட பெருமையில் புன்னகை வேறு.

நான் என்ன செய்தேன்? எழுந்தேன். "உங்க நேரத்தை எடுத்துக்கிட்டேன், மன்னிக்கணும் ஸார்" என்றேன். வாசலைப் பார்த்து நடந்தேன். கால்கள் ரஷ்த்திலேயே வளர்ந்தவை, அவை சொன்ன பேச்சைக் கேட்கும். அசுந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். கதவின் பிடியில் கை வைத்தேன்.

இதைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. பதுவை முடிந்தது. இந்த மனிதருக்கு மனசு நோகக் கூடாது என்பதற்காக நான் மூட்டை கட்டுகிறேன், அவருக்கு அது தெரியக்கூடப் போவதில்லை. யாருக்கு என்ன லாபம்?

அப்படி ஒரு கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். திரும்பினேன். என் நாற்காலியில் அதற்குள் ஒரு நெட்டைப் பையன் உட்கார்ந்து பேனாவைத் திறந்துகொண்டிருந்தான்.

"எந்திரி" என்றேன்.

"என்னது?"

"எந்திரி. அது என் நாற்காலி. என் விஷயம் இன்னும் முடியல."

பாவம், பயந்து எழுந்துவிட்டான். நான் உட்கார்ந்தேன். குரல் உடைந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்: "எனக்கு அந்தப் பத்தொன்பது வேணும் ஸார்! குடுங்க!"

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பத்தொன்பதா? போன தடவை இருபத்திநாலை..."

"அதுவும் வேணும்னுதான் இருந்தது ஸார்."

"பின்ன ஏன் வேண்டாம்னீங்க?"

"மரியாதைக்கு."

பின்வரிசையில் முதலில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும். அசுந்தா எழுந்து அவர்களைப் பார்த்து, "என்னடா சிரிப்பு? அவங்க ஊர்ல அப்படித்தான்!" என்று சீறினாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ, அன்னைக்கு என் அறைக்கு வந்தது?"

"இதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க வேலையா இருக்கேன்னீங்க."

"இருந்தேன்தான். ஆனா நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல மார்க் கேட்டு அழுதவங்க உண்டு, சண்டை போட்டவங்க உண்டு. மரியாதைக்காக விட்டுட்டுப் போனவங்களை நான் பார்த்ததில்ல. அந்த இருபத்திநாலை இனிமேல் தர முடியாது. அது போனது போனதுதான்."

"தெரியும் ஸார். இது போதும். இது எனக்கு ரொம்பவே வேணும்."

தட்டினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பத்தொன்பது. நான் வெளியே வந்து அந்த நெட்டைப் பையனிடம் மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன். ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

தூங்கினேன். எழுந்தேன். சாப்பிட்டேன். மறுபடி தூங்கினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

உதவித்தொகைப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அறையும் இன்னொரு வருஷத்துக்கு எனக்கே. பெஹ்ரங்கின் பெயரும் இருக்கிறது. அசுந்தா ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பட்டியலைப் பார்த்ததும் துணிகளை அப்படியே தரையில் போட்டுவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன்: இருபத்துநான்கு, அந்தோணியார், கதவுப் பிடி, நெட்டைப் பையன். வீடியோ உறையவே இல்லை. சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு மாசமா என்கிட்ட நடக்குது நடக்குதுன்னு சொன்னியே" என்றாள் கடைசியில்.

"நீங்களும் நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம்னுதானே சொல்றீங்க."

பின்னால் அப்பா டீக் கோப்பையில் கரண்டியைச் சுற்றும் சத்தம் கேட்டது.

செப்டம்பர் கடைசிவரை வகுப்பு இல்லை. "அம்மா, நான் ஒரு ரெண்டு வாரம் வரட்டுமா?" என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்பாள், அலைச்சல் என்பாள், புழுக்கம் என்பாள். விடாமல் மூன்று தடவை கேட்பது என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

"வா" என்றாள் அம்மா.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை. முதல் தடவையிலேயே என் அம்மா எதற்கும் சரி என்று சொன்னதை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

"வாடி. சீக்கிரம் வா. எனக்கு உன்னைப் பார்க்கணும்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பா போனை வாங்கிக்கொண்டார்.

இருபத்தொன்றாம் தேதி விமானம். அசுந்தாதான் பதிவு செய்தாள். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.